குடும்பிகல முதல் உகந்தை வரை: தனியாக ஒரு பகல்

அம்பாறைக் கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் நுவரெலியாதான். எங்கள் பக்கத்தில் இருப்பவற்றைச் சொன்னால் அதெல்லாம் ஒரு மலையா என்று சிரிப்பார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் பெயர்பெற்ற குடும்பிமலையே 534 மீற்றர்தான். பிதுருதலாகலையின் 2,524 மீற்றரோடு வைத்துப் பார்த்தால் கால்வாசிகூடத் தேறாது. தாந்தாமலை, சங்கமன்கண்டி, உகந்தை, குடும்பிகல எல்லாம் அதையும்விடத் தாழ்வானவை. ஆனால் ஹோட்டன் சமவெளியில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்த என் தம்பி, உகந்தைப் பாறையில் பத்தரை மணி வெயிலுக்குத் தலைசுற்றி இருந்துவிட்டான். குளிர்நாட்டில் உயரம் ஆளைச் சோதிக்கும், இங்கே மணிக்கூடு சோதிக்கும். எத்தனை மணிக்கு எந்தப் பாறையில் நிற்கிறோம் என்ற கணக்குச் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் இலகு. அது பிழைத்தால் நூறு அடிப் பாறையும் போதும், ஆளைக் கிடத்திவிட.

நான் திருக்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். லீவு விட்டால் ஒரு நாளாவது தனியாக நடக்கப் போவது பழக்கமாகிவிட்டது. இம்முறை சித்திரை லீவில் போனது பாணமைக்கு அப்பால் இருக்கும் குடும்பிகலவும், அதைத் தாண்டிக் குமணப் பூங்கா வாசலில் நிற்கும் உகந்தை மலையும். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது, நடுவில் நிழலும் நித்திரையும். இதே ஒழுங்கில் போக நினைப்பவர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

இந்த நேரக் கணக்கைச் சொல்லித்தந்தது அம்மம்மா. கிழக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களுக்கு உகந்தைதான் காட்டுவழியின் வாசல். அங்கிருந்து குமண, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று போகும் அந்த வழியில் சின்ன வயதில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். விடியமுன் எழும்பிக் கஞ்சி குடிப்பது, நிலம் தெரிந்ததும் நடை தொடங்குவது, வெயில் ஏறமுன் அடுத்த தண்ணீரைப் பிடிப்பது, மத்தியானம் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பது, வெயில் சாய மறுபடி நடப்பது, இருட்டமுன் நெருப்பு மூட்டிக் கூட்டமாக இருப்பது. "வெயிலோட சண்டைக்குப் போகாத மகள், அது தோக்காது" என்பா. இன்று மலையேறுகிற இளம் பிள்ளைகள் சப்பாத்துக்கும் பைக்கும் செலவழிப்பதில் பாதிக் கவனத்தை இந்தப் பழைய ஒழுங்கில் வைத்தால் எவ்வளவோ நல்லது என்பது என் எண்ணம்.

தனியாகப் போகிற ஆளுக்குத்தான் கூடுதலான ஆட்கள் வேண்டும். பொத்துவிலில் எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார், அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். முதல்நாளே அவரோடு இருந்து நேரங்களைப் பேசி முடித்தோம். குடும்பிகல அடிவாரத்தில் காலை ஆறரைக்கு இறக்குவது, பதினொரு மணிக்கு அதே இடத்தில் ஏற்றுவது, உகந்தையில் பின்னேரம் வரை நிற்பது.

"டீச்சர், நாலரைக்கு மேல அந்த றோட்டில நான் நிக்கமாட்டன்" என்றார்.

"சரி காக்கா. பதினொண்டுக்கு நான் கீழ இல்லாட்டி?"

"பதினொண்டரை வரைக்கும் பாப்பன். பிறகு பன்சலையில சொல்லி ஆக்களோட மேல வருவன். நீங்க வேற வழியால மட்டும் இறங்கிடாதீங்க."

பன்சலை என்றால் அங்குள்ள பௌத்த விகாரை. அவருடைய கடைசி வார்த்தைதான் முக்கியம். தேடி வருகிறவர் எந்த வழியில் தேடுவார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த வழியை விட்டு நாம் விலகக்கூடாது. வீட்டிலும் அக்காவிடம் இதே நேரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போனில் மெசேஜ் போடலாம்தான், ஆனால் பாணமையைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால் பாறை உச்சியில் நன்றாகக் கிடைக்கும், அடிவாரத்தில் கிடைக்காது. ஆகவே உச்சியில் நிற்கும்போதே "இறங்குகிறேன், இத்தனை மணிக்குக் கீழே நிற்பேன்" என்று அனுப்பிவிடுவது நல்லது.

அறுகம்பைப் பாலத்தைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பாணமையில் வேண்டுமென்றே நிறுத்திப் பிளேன்ரீ குடித்தோம். சிங்களமும் தமிழும் சம்பந்தம் கலந்த பழைய கிராமம் அது. எங்கள் பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டை அவர்கள் அங்கெலிய என்று ஆடுகிறார்கள், பத்தினித் தெய்வத்துக்கு எங்களைப் போலவே நேர்த்தி வைக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் நான் கேட்பது ஒரே கேள்வி: இரவு யானை எங்கே நின்றது? எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இந்தப் பதில் கிடைக்காது. அன்றைக்கு ஒரு தனியன் வயல்பக்கம் வந்துவிட்டு விடியற்புறம் காட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றார்கள். றோட்டில் புது யானை லத்தி கிடந்தது, ஆவி பறந்தது. காக்கா ஓட்டோவை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகே எடுத்தார். பாணமையிலிருந்து உகந்தை வரைக்குமான அந்த றோட்டை நடந்தே கடக்க வேண்டும் என்று வீம்பு பிடிப்பவர்களை வெள்ளைக்காரர் மத்தியிலும் கண்டிருக்கிறேன், நம்மவர் மத்தியிலும் கண்டிருக்கிறேன். திருவிழாக் காலத்தில் கூட்டத்தோடு நடப்பது வேறு. தனி ஆள் பாறையில் நடக்கலாம், றோட்டில் வாகனத்தில்தான் போக வேண்டும்.

குடும்பிகல ஒரே ஒரு பாறை கிடையாது. காட்டுக்குள் அங்கங்கே எழும்பி நிற்கும் பாறைகளின் கூட்டம். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலிருந்து துறவிகள் இருந்த இடம், இன்றும் இருக்கிறார்கள். குகைகளின் நெற்றியில் புருவம் போல ஒரு வரி வெட்டியிருக்கும். மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் அந்த வரியில் தடுக்கி வெளியே சொட்டுவதற்காக. சிலவற்றின் கீழே பிராமி எழுத்துகள் உண்டு. கையால் தொட வேண்டாம், சுண்ணாம்பு தடவிப் படம் எடுக்க வேண்டாம். தொல்பொருள் சட்டம் கடுமையானது, அதைவிட, அவ்வளவு காலம் நின்ற எழுத்து.

காலை ஆறரைக்கு அங்கே நான் மட்டும்தான். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த வயதானவர் சிங்களத்தில் யாரோடு வந்தீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வி எல்லா மலைகளிலும் வரும். தாந்தாமலையில் "ஆரோட வந்த நீங்க, மகள்?" என்று வரும், இங்கே சிங்களத்தில் வரும். கோபப்பட ஒன்றுமில்லை. தனியாக வந்தேன், பதினொரு மணிக்கு இறங்குவேன், இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். அப்போது என்னை எதிர்பார்க்க இன்னொரு ஆள் கிடைத்துவிடுகிறார். இங்கே சிங்களத்தில் பத்து வசனம் தெரிந்திருப்பது ஒரு போத்தல் தண்ணீருக்குச் சமம்.

உடுப்பைப் பற்றி: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நான் தளர்ந்த பருத்திக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போடுவேன், இரண்டும் வெளிர் நிறம். தூபிக்கும் சிலைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்கக்கூடாது. நம் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்துவிட்டுப் பெரிய சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

அடிவாரத்திலிருந்து குகைகள் வரைக்கும் நிழல் வழி. இந்தத் துண்டில்தான் நான் ஆகக் கூடுதலாகப் பயப்படுகிறேன், உச்சியில் இல்லை. கரடிக்காக. யானைக்கு மணம் உண்டு, கொப்பு முறியும் சத்தம் உண்டு. கரடி நம்மைக் காணாது, நாமும் அதைக் காணமாட்டோம், வளைவில் முட்டிக்கொள்வோம். திடுக்கிட்ட கரடி முகத்தைத்தான் பிடுங்கும். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும் காலத்தில் பாலை மரத்தடிகளைச் சுற்றிக் கூடுதலாகத் திரியும், அந்த மாதங்களில் இந்த வழியில் தனியாகப் போகவே மாட்டேன். மற்றக் காலத்தில் தடியால் பாறையில் தட்டித் தட்டிப் போவேன். கத்துவதும் பாட்டுப் போடுவதும் இங்கே சரிவராது. துறவிகள் தியானத்தில் இருப்பார்கள் என்பது ஒன்று, பாறை விளிம்புகளின் கீழே மலைத்தேனீ அடை கட்டியிருக்கும் என்பது இன்னொன்று. தேனீ உள்ள இடத்தில் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக்கூடாது, பாறைக்குக் கீழே சாம்பிராணியோ கற்பூரமோ கொளுத்தக்கூடாது. தடித் தட்டு கரடிக்குக் கேட்கும், தேனீயைக் குழப்பாது. இதுவும் அம்மம்மாவின் பாடம்தான்.

மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் காலை ஏழே கால். இந்தப் பாறையைப் புவியியலில் விஜயன் தொகுதி என்பார்கள், ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுப் பழசு. அவ்வளவு காலம் வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டதில் வெங்காயத் தோலாக மேல்படை கழன்று வருகிறது. மலையேறுகிறவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தடியால் தட்டும்போது கணீரென்று இறுகிய சத்தம் வந்தால் முழுப்பாறை, வெற்றுப்பானைச் சத்தம் வந்தால் கழன்ற தட்டு. அதில் கால் வைக்காமல் சுற்றிப் போக வேண்டும். கறுப்புக் கோடுகளாகத் தெரிபவை மழைநீர் வழிந்த தடங்கள். அதில் வளரும் பாசி காய்ந்திருந்தாலும் காலுக்கடியில் பொடியும், நனைந்தால் அதில் நிற்கவே முடியாது. வெளிர்ச் சாம்பல் நிறமாகச் சொரசொரப்பாக இருக்கும் பகுதியில் காலை முழுதாகப் பதித்து ஏறினால் சப்பாத்து அப்படியே பிடிக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுவார்கள். நேராக இறங்காமல் இடமும் வலமுமாகச் சரிந்து, முழங்காலை மடித்து, சிறு எட்டாக வைக்க வேண்டும். பயம் வந்தால் பின்னுக்குச் சாய்வது மனித இயல்பு. சாய்ந்தால் பாதம் பிடியை விடும். சரிவில் உடம்பைக் கொஞ்சம் முன்னுக்கு வைத்திருப்பது பழகப் பழகத்தான் வரும். நான் இதைப் பழகியது சங்கமன்கண்டிப் பிள்ளையார் பாறையில், பின்னேரம் பின்னேரமாக.

சப்பாத்துப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. பாறைக்குச் சப்பாத்து வேண்டும், தூபி முற்றத்தில் அதைக் கழற்ற வேண்டும். எட்டு மணிக்கு வெறுங்கால் தாங்கும், பத்து மணிக்குப் பாதம் பொக்களிக்கும். அதனால் பையில் எப்போதும் தடித்த பழைய காலுறை ஒரு சோடி இருக்கும். உகந்தையில் வள்ளியம்மன் கோவிலுக்கு ஏறும்போதும் அதுதான் கைகொடுத்தது. கோவிலில் காலுறை போடலாமா என்று ஐயரைக் கேட்டேன். முருகன் பாதத்தைப் பார்க்கமாட்டார் என்று சிரித்தார்.

தூபி நிற்கும் பாறையின் உச்சிக்கு எட்டு மணிக்குள் வந்துவிட்டேன். வட்டக் குமிழாக இல்லாமல் உருளையாக எழும்பிய தூபி, இந்த வடிவில் இலங்கையில் எஞ்சியது இது ஒன்றுதான் என்கிறார்கள். கிழக்கே காடு முடியுமிடத்தில் களப்பு, அதற்கப்பால் மணல்மேடு, பிறகு கடல். தெற்கே குமணக் காடு எல்லையில்லாமல் கிடந்தது. மேற்கே மொனறாகலைப் பக்கத்து மலைகள் நீலமாக. இடையில் ஒரு வீட்டுக் கூரைகூட இல்லை. நெல்வயலும் தென்னந்தோப்பும் கோவில் மணியுமாக வளர்ந்த எனக்கு, ஆள் வாசமே இல்லாத இவ்வளவு நிலத்தை ஒரே பார்வையில் காண்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டேன். குரங்குகள் வந்தன. சாப்பாட்டை வெளியே எடுப்பதற்கு முன் முதுகைப் பாறையோடு ஒட்டி இருந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பை போய்விடும்.

அங்கிருந்து இறங்கி மற்றப் பாறைகளில் ஒன்றின் முதுகு வழியாக நடந்து திரும்பும்போது ஒன்பதே முக்கால். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அந்தக் காய்ந்த காற்று வீசினால் வியர்வை தெரியாமலே உடம்பு வற்றிவிடும். தண்ணீர் நான்கு லீற்றர் கொண்டுபோனேன். நான்கு கிலோ பாரம்தான், ஆனால் ஏறும்போதே ஒன்றரை லீற்றர் குறைந்துவிடும். ஒரு லீற்றர்ப் போத்தலில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் ஒரு பக்கற்று முழுதாகக் கரைத்திருந்தேன். அரைப் பக்கற்று, கால் பக்கற்று என்று மனம்போனபடி கரைத்தால் பிரயோசனமில்லை. சிறுநீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். வியர்ப்பது நின்று தலை இடிக்கத் தொடங்கினால் அடுத்த நிழலில் படுத்து, கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வைத்து, ஆளைக் கூப்பிட வேண்டும். பாறைச் சுனையில் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். குரங்கும் தவளையும் எலியும் குடிக்கும் தண்ணீர் அது, எலிக்காய்ச்சலுக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. தலையை நனைக்கவும் வேண்டாம், காலில் சின்னப் புண் இருந்தாலும் இறங்க வேண்டாம்.

பதினொரு மணிக்கு முன்பே கீழே நின்றேன், காக்கா எனக்கும் முந்தி நின்றார்.

மத்தியானத்தை எழுத ஒன்றுமில்லை. உகந்தைக் கோவில் மடத்து நிழலில் சோற்றுப் பொதியை முடித்து, இரண்டு மணிவரை தூங்கினேன். காக்கா வனசீவராசிகள் அலுவலகத்தடியில் தெரிந்தவர்களோடு கதை.

உகந்தையைச் சுற்றுலாக்காரர் குமணப் பூங்காவின் வாசலாகத்தான் அறிவார்கள். அந்தப் பூங்கா போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது, 2006இல்தான் யால கிழக்கு என்ற பெயர் மாறிக் குமண ஆனது. எங்களுக்கு அது முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து கரையேறிய துறை. கடற்கரையில் கிடக்கும் பாறையை அந்த ஓடம் என்று காட்டுவார்கள். கீழே முருகன், மேலே மலையில் வள்ளியம்மன். மலை முழுக்கச் சுனைகள். குடும்பிகலவோடு ஒப்பிட்டால் ஏற்றம் சின்னது, வழுக்கல் அதிகம், ஏனென்றால் பக்தர்களின் பாதம் பட்டுப் பட்டுப் பாறை மினுங்குகிறது.

சித்திரையில் பின்னேர ஏற்றத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு: இடி. காலையில் துடைத்து வைத்த வானமாக இருக்கும், இரண்டு மணிக்கு மேல் மேற்கே முகில் கோபுரமாக எழும்பும். வெறும் பாறையின் உச்சியில் நிற்கும் ஆள்தான் அந்த இடத்தில் ஆக உயரமான பொருள். முகில் அடி கறுத்துவிட்டால் ஏறுவதில்லை, ஏறியபின் முதல் முழக்கம் கேட்டால் கும்பிடுவதற்குக்கூட நில்லாமல் இறங்குவது. அன்றைக்கு மேற்கு வெளித்திருந்தது. மூன்று மணிக்கு ஏறி, வள்ளியம்மனுக்குப் பூ வைத்து, கடல்காற்றில் அரைமணி இருந்து, நாலு மணிக்குக் கீழே வந்தேன். காக்கா வண்டியைத் திருப்பியே வைத்திருந்தார். பாணமைக்குக் கிட்ட, காலையில் லத்தி கிடந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அந்தத் தனியன் றோட்டோரம் நின்றது. நாங்கள் தூரத்திலேயே நின்றோம். ஹோர்ன் அடிக்கவில்லை, படம் எடுக்க இறங்கவில்லை. அது புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி, தின்று முடித்து உள்ளே போக இருபது நிமிடம் எடுத்தது. நாலரைக் கணக்கில் இந்த இருபது நிமிடத்துக்கும் இடம் இருந்தது.

மாதம் எது நல்லது என்று கேட்டால் மாசி, பங்குனி. மாரி நின்று காடு பச்சையாக இருக்கும், வெயில் முற்றியிராது. கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் பாறை முழுக்கத் தண்ணீர் வழியும், றோட்டும் கெட்டுவிடும். அதே காலத்தில் கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் வழியை வெள்ளம் மூடி, சனங்களே படகில்தான் போய்வருவார்கள், ஆகவே குடும்பிமலையையும் நினைக்க வேண்டாம். குடும்பிமலைக்குக் கோடையிலும் தனியாகப் போகச் சொல்லமாட்டேன். அந்தக் காடு மாடு மேய்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதன்முதலாகத் தனியே நடக்கிறவர்களுக்குத் தாந்தாமலை போதும். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து போகலாம், கோவிலடியில் ஆட்கள் இருப்பார்கள். அது பழகியபின் உகணைக்கு அப்பால் இருக்கும் இராசகல. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் அஸ்தியை வைத்த தூபியைச் சொல்லும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது, ஒரு பகல் முழுக்க நடக்க இடமும் உண்டு.

பெண்கள் கேட்கக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடும்பிகலவில் ஏறத் தொடங்கினால் இறங்கும்வரை மலசலகூடம் இல்லை. அதற்குப் பயந்து காலையில் தண்ணீர் குடிக்காமல் ஏறுகிற பெண்களைக் கண்டிருக்கிறேன், வெயிலில் முதலில் விழுவதும் அவர்கள்தான். அடிவாரத்தில் போய்விட்டு, ஏறும் முன் அரை லீற்றர் குடித்து, பிறகு கால்மணிக்கு ஒருதரம் இரண்டு மிடறு. உகந்தையில் கோவிலடியில் வசதி உண்டு, திருவிழாக் காலத்தில் மட்டும் நீண்ட வரிசை நிற்கும்.